தீராத வலியோடு வேலை தேடுகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

எனக்கு 26 வயதில் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று சொன்னார்கள். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேருகிற மூட்டில் அழற்சி ஆரம்பித்து, மெதுவாக மேலே ஏறி முதுகை இறுக்கிப் பிடிக்கிற வாத நோய். பெரும்பாலும் 20களிலும் 30களிலும்தான் வரும், அதாவது சரியாகச் சம்பாதிக்க வேண்டிய வயதில். அப்போது நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், நாள் முழுக்க நின்றும் நடந்தும் பார்க்கிற வேலை. விஷயம் தெரிந்ததும் வீட்டில், சொந்தத்தில், கம்பெனியில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பேசாம உட்கார்ந்து பாக்குற வேலையாப் பாரு கண்ணு." நானும் நம்பி ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டரில் டேலி கணக்குப் போடுகிற வேலைக்குப் போனேன். நான்கே மாதத்தில், காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

காரணம் எளிமையானது. இந்த நோயில் அசையாமல் இருந்தால் வலி கூடும், அசைந்தால் குறையும். முதுகில் தட்டு விலகியவருக்குக் கணக்கே வேறு, அவருக்குக் குனிவதும் கனம் தூக்குவதும்தான் எமன். முடக்குவாதம் உள்ளவருக்கு முதுகு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் காலையில் விரல்கள் மடங்காது, பேனா பிடிப்பதே பெரும்பாடு. ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு முழுக்க வலிக்கிற நோய், இருப்பவருக்கு வலியை விடச் சில நாள் அந்தச் சோர்வும் தூக்கமின்மையும்தான் வேலையைக் கெடுக்கும். ஆக, "லேசான வேலை" என்று பொதுவாக ஒன்று உலகத்தில் கிடையாது. உங்கள் வலி எப்போது, எதனால் கூடுகிறது என்று தெரியாமல் வேலை தேடினால் நான் செய்த தப்பைத்தான் நீங்களும் செய்வீர்கள். அதனால்தான் நோட்டு.

இரண்டு வாரம் எழுதுங்கள்

பெரிய டைரி எல்லாம் வேண்டாம், 40 பக்க நோட்டு போதும், அல்லது போனில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரி. எத்தனை மணிக்கு எழுந்தேன், உடம்பு இளகி நடமாட எத்தனை மணி ஆனது, தொடர்ந்து எத்தனை நிமிடம் உட்கார முடிந்தது, எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது, எதைத் தூக்கினேன், பஸ்ஸிலோ வண்டியிலோ எவ்வளவு தூரம் போனேன், அதற்கு அப்புறம் எப்படி இருந்தது, ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வந்தது. "வலி ஜாஸ்தி" என்று மட்டும் எழுதிப் பிரயோஜனம் இல்லை, நேரமும் நிமிடமும் வேண்டும். மாத்திரை போட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நரம்பு வலிக்குத் தருகிற பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் மாதிரி மாத்திரைகள் சிலருக்கு மறுநாள் காலை வரை தூக்கக் கலக்கத்தை வைத்திருக்கும், அப்படி இருந்தால் மெஷின் ஓட்டுகிற, வண்டி ஓட்டுகிற வேலையை யோசிக்கவே கூடாது. அது டாக்டரிடம் பேசி, நேரத்தையோ அளவையோ மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டிய விஷயம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இதில் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் விட்ட வேலையெல்லாம் சேர்த்துச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. நோட்டில் அது பளிச்சென்று தெரியும். வேலைக்கு எடுக்கிறவருக்கு உங்கள் சிறந்த நாள் எப்படி இருக்கும் என்பது முக்கியமில்லை, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை நீங்கள் எவ்வளவு செய்வீர்கள் என்பதுதான் முக்கியம். அந்த அளவை வைத்துத்தான் வேலை தேட வேண்டும், மோசமான நாளை வைத்தும் தேடக்கூடாது, அப்படித் தேடினால் ஒரு வேலைக்கும் விண்ணப்பமே போட மாட்டீர்கள்.

என் நோட்டில் கிடைத்தது இதுதான்: ஒன்பதரை மணிக்கு முன்னால் உடம்பு ஒத்துழைக்காது, 40 நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது, நடை பிரச்சினையே இல்லை, 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம் என்றால் அன்றைக்கு பாதி நாள் போச்சு. இந்த நான்கு வரிதான் அப்புறம் நான் வேலை தேடிய அளவுகோல்.

வேலையைப் பிரித்துப் பார்ப்பது

வேலையின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயருள்ள வேலை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கும். உதாரணத்துக்கு கணக்கு எழுதுகிற வேலை: ஆடிட்டர் ஆபீஸில் ஜூலை, செப்டம்பர் மாதங்களில் ராத்திரி வரை நாற்காலியை விட்டு எழ முடியாது, அதே கணக்கு வேலை ஒரு ஹார்டுவேர் கடையில் என்றால் பில் போடுவதும் ஸ்டாக் பார்ப்பதுமாக எழுந்து நடந்துகொண்டே இருப்பீர்கள். எனக்கு இரண்டாவது சரிப்படும், தட்டு விலகியவருக்கு அந்த ஸ்டாக்கைத் தூக்கி வைக்கச் சொல்வார்களா என்பதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும்.

நான் எந்த வேலையைப் பார்த்தாலும் கேட்டுக்கொள்கிற முதல் கேள்வி, என் வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பது. டைலர் பீஸ் ரேட்டில் தைத்தால் கையில் வலி வந்து வேகம் குறைகிற அன்றே சம்பளமும் குறையும், ஆனால் நினைத்தபோது எழுந்து போகலாம். ஷிப்ட் சம்பளம் என்றால் பணம் நிலையாக வரும், ஆனால் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எழுந்தால் பின்னால் இருக்கிற பத்துப் பேர் நிற்க வேண்டி வரும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவது எங்கள் ஊரில் சாதாரணம், அதனால் "எத்தனை மணி வேலை" என்று கேட்காமல் "போன மாசம் எத்தனை நாள் ஒன்றரை ஷிப்ட் ஓடுச்சு" என்று கேளுங்கள், உண்மையான பதில் கிடைக்கும். கால் சென்டர் வேலை உட்கார்ந்து பார்ப்பதுதான், ஆனால் பிரேக் நிமிடக் கணக்கில், அதிலும் நைட் ஷிப்ட் என்றால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் வலி கூடும், இதை அனுபவிக்காத வலிக்காரர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆசிரியர் வேலையில் நின்றாக வேண்டும், ஆனால் பீரியடுக்கு பீரியட் இடம் மாறுவதால் என் மாதிரி ஆட்களுக்குப் பரவாயில்லை, முழங்கால் தேய்ந்தவருக்கு வகுப்பு மூன்றாவது மாடியில் இருந்தால் கஷ்டம்.

அப்புறம் கேட்க யாரும் துணியாத கேள்வி, கழிப்பறை. இடுப்பு மூட்டு பிடித்துக்கொண்டவருக்கு இந்தியன் டாய்லெட் மட்டும் இருக்கிற இடத்தில் எட்டு மணி நேரம் வேலை பார்ப்பது என்றால் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிவிடுவார், அது வேறு வியாதியில் கொண்டுபோய் விடும். இன்டர்வியூவுக்குப் போகிறபோதே "ரெஸ்ட் ரூம் எங்கே" என்று கேட்டுப் போய்ப் பார்த்துவிடுங்கள். படி எத்தனை, லிஃப்ட் ஓடுகிறதா, நாற்காலியில் முதுகுக்குத் தாங்கல் இருக்கிறதா, வேலை பார்க்கிறவர்கள் நடுவில் எழுந்து நடக்கிறார்களா, எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பயண நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கு வையுங்கள். திருப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கு தினமும் பஸ்ஸில் போய்வருகிற வேலைக்கு 6,000 ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள், நான் போகவில்லை, இன்றைக்கும் அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

சம்பளக் கணக்கில் மருந்தையும் சேருங்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால், மாற்றுத்திறனாளிச் சான்று உள்ளவருக்கு 25,000 வரை, இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டு வரம்புக்குள் வருவீர்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். அதற்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கும். உடம்பு முடியாமல் லீவு போட்டால், ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். 34 நீண்டகால நோய்களுக்கு இதை விட நீண்ட உதவியும் உண்டு, முதுகுத் தட்டு விலகல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அதற்கு இரண்டு வருடம் தொடர்ந்து இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும்.

இதனால்தான் சொல்கிறேன், இஎஸ்ஐ பிடிக்கிற 20,000 ரூபாய் வேலையா, பிடிக்காத 23,000 ரூபாய் வேலையா என்று வந்தால் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மாதாமாதம் மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எவ்வளவு போகிறது, வருடத்தில் எத்தனை நாள் சம்பளம் இல்லாத லீவு எடுக்கிறீர்கள், இதைக் கழித்தால் பல நேரம் முதல் வேலையில்தான் கையில் அதிகம் நிற்கும். வரம்பைத் தாண்டிய சம்பளம் என்றால் கம்பெனியில் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறதா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு முதல் நாளிலிருந்தே உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். நாமாகத் தனியாக எடுக்கிற பாலிசியில் பழைய நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம், குரூப் பாலிசியில் பெரும்பாலும் அது இருக்காது.

சொல்வதா, மறைப்பதா

பயோடேட்டாவில் எழுத வேண்டாம். இது என் கருத்து, இதில் உறுதியாக இருக்கிறேன். நோயின் பெயரைப் படித்ததும் படிக்கிறவருக்கு மனதில் வருகிற படம் உங்களைப் பற்றியது இல்லை. ஆனால் வேலை உறுதியாகிற கட்டத்தில், சேருவதற்கு முன்னால், உங்களுக்குத் தேவையானதைச் சொல்லிவிடுங்கள். மெடிக்கல் ஃபார்மில் நேரடியாகக் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள், பின்னால் அதையே காரணமாக வைத்து வெளியே அனுப்ப முடியும்.

எப்படிச் சொல்வது என்பதுதான் விஷயம். முதல் தடவை நான் நோயைப் பற்றி பத்து நிமிடம் விளக்கினேன், எதிரில் இருந்தவர் முகம் மாறிக்கொண்டே போனது, வேலை கிடைக்கவில்லை. இப்போது இருக்கிற இடத்தில் சொன்னது இவ்வளவுதான்: "சார், எனக்கு ஒரு மூட்டு நோய் இருக்கு, ட்ரீட்மென்ட்ல கட்டுக்குள்ள இருக்கு. காலையில ஒன்பதே முக்காலுக்கு வரேன், அந்த நேரத்தை சாயங்காலம் இருந்து முடிச்சுக் குடுத்துடறேன். நாப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நடப்பேன். ஒரு மாசம் பாருங்க, சரிவரலைன்னா பேசிக்கலாம்." அவர் கேட்ட ஒரே கேள்வி, துணி வாங்குகிற பையர் வருகிற நாளில் சீக்கிரம் வர முடியுமா என்பது. முன்கூட்டிச் சொன்னால் முடியும் என்றேன். சேர்ந்துவிட்டேன். சாம்பிள் ஃபாலோ அப் வேலை, பாதி நேரம் கம்ப்யூட்டர், பாதி நேரம் ஃப்ளோரில் நடை.

நடுவில் இரண்டு வருடம் வேலையில் இல்லாமல் இருந்தீர்கள் என்றால், "உடல்நலக் காரணமாக இருந்தேன், இப்போது சிகிச்சையில் சரியாக இருக்கிறேன், அந்த நேரத்தில் இதைக் கற்றுக்கொண்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு வேலையைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள்.

வாயால் ஒத்துக்கொண்டதை அன்று சாயங்காலமே ஒரு மெயிலாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ நன்றி சொல்லி அனுப்பி வையுங்கள். மேனேஜர் மாறினால் அந்த ஒரு செய்திதான் உங்களிடம் இருக்கும், எனக்கு இது ஒரு தடவை உதவியிருக்கிறது. டாக்டர் கடிதம் கேட்டால், "இவருக்கு இன்ன நோய் இருக்கிறது" என்று மட்டும் வாங்கி வராதீர்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை எழ வேண்டும், எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, எவ்வளவு நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நோட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் டாக்டருக்கும் எழுதச் சுலபம்.

சட்டம் எது வரைக்கும் துணைக்கு வரும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 என்று ஒன்று இருக்கிறது. அதில் 21 வகைக் குறைபாடுகள் சொல்லப்பட்டிருக்கின்றன, வலிக்கென்று தனியாக அதில் இடமில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, ஏனென்றால் 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலி தனி நோயாகவே இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் மூட்டு மடங்காமல், முதுகு திரும்பாமல் அசைவு குறைந்திருந்தால், உடல் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில் அரசு மருத்துவக் குழு சதவீதம் போட்டுத் தரும். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். மஞ்சளோ நீலமோ இருந்தால்தான் அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டுக்குப் போட்டியிட முடியும்.

நிறையப் பேர் வெள்ளை அட்டை வந்ததும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். வேலை செய்ய ஏதுவாக நியாயமான மாற்றங்கள் கேட்பதற்கு 40 சதவீதம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற குறைபாடு உள்ள ஒருவர், யுபிஎஸ்சி தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும், ஹெச்ஆரிடம் "அந்தப் பாலிசியைப் பார்க்கலாமா" என்று சாதாரணமாகக் கேளுங்கள். ஏற்கெனவே அரசு வேலையில் இருந்து நடுவில் குறைபாடு வந்தவரை அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது.

ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். இதற்குச் சான்றிதழ் எதுவும் வேண்டாம், எல்லா ஊழியருக்கும் பொது. கடையில் ஸ்டூல் இருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்பதை வாடிக்கையாளராக ஒரு தடவை போய் நின்றாலே பார்த்துவிடலாம்.

வீட்டிலிருந்தே வேலை என்றால்

கொரோனாவுக்கு அப்புறம் இது கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் நான் ஆறு மாதம் வீட்டிலிருந்து டிசைன் ஃபைல் சரிபார்க்கிற வேலை செய்தபோது கட்டிலில் சாய்ந்துகொண்டே லேப்டாப் பார்த்து, சாப்பாட்டு நேரம், தூக்க நேரம் எல்லாம் குழம்பி, கழுத்தும் பிடித்துக்கொண்டது. மேஜை, நாற்காலி, ஆரம்பிக்கிற நேரம், முடிக்கிற நேரம் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். "டேட்டா என்ட்ரி, மாதம் 30,000, முன்பணம் 2,500" என்று வருகிற எதையும் தொடாதீர்கள். வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். வீட்டில் முடங்கியிருக்கிறவர்களைக் குறிவைத்தே இதைச் செய்கிறார்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டக் கடன் பற்றிக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அதில் மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போட்டால் போதும். ஆனால் கடை வைத்தால் திறக்கிற ஆள் நீங்கள்தான், காலையில் எழ முடியாத நாளில் ஷட்டரைத் தூக்க இன்னொருவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம்

முதல் வாரத்தில் எல்லாரையும் அசத்த வேண்டும் என்று ஓடாதீர்கள். அந்த வேகத்தைத்தான் உங்கள் வேகம் என்று எடுத்துக்கொள்வார்கள். பையில் இரண்டு நாள் மாத்திரை, வெந்நீர்ப் பை, டாக்டர் கடிதத்தின் நகல் எப்போதும் இருக்கட்டும். பக்கத்து சீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள், நீங்கள் எழுந்து நடக்கும்போது வேலையைத் தட்டிக் கழிக்கிறார் என்று அவர் நினைக்காமல் இருப்பார்.

நோட்டைத் தூக்கிப் போடாமல் மூன்று மாதமும் எழுதுங்கள். புது வேலையில் முதல் மூன்று நான்கு வாரம் பலருக்கும் வலி கூடும், உடம்பு பழகுகிறது, அதை வைத்து வேலையை விட்டுவிடாதீர்கள். எட்டாவது வாரத்திலும் காலை இறுக்கம் இளக ஆகிற நேரம் குறையாமல் கூடிக்கொண்டே போனால், முதலில் டாக்டரைப் பாருங்கள், மருந்து மாற்ற வேண்டியிருக்கலாம். அப்புறம் மேனேஜரிடம் நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேளுங்கள். இரண்டும் சரிவரவில்லை என்றால் அங்கே இருந்துகொண்டே அடுத்ததைத் தேடுங்கள். விடுவதாக முடிவு செய்தாலும் தேதியைப் பார்த்து விடுங்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய இஎஸ்ஐ சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. 78 நாள் நிரம்ப இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கிறது என்றால், அந்தப் பத்து நாளை எப்படியாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.